பதினாறு வரி

மாலை நாலே முக்காலுக்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் இடதுபக்க ஜன்னலோரம் செல்வமேரியின் இடம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாலு வருஷமாக ஞாயிறு தவிர எல்லா நாளும் அவள் அங்கேயே உட்கார்ந்ததால், தினமும் வரும் பெண்கள் அதை அவளுக்கு விட்டுவைத்தார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியும் லேபும் இடம் போதாமல் காட்டாங்குளத்தூரில் தனிக் கட்டடத்தில் இருந்தன. நோயாளிகளின் விவரங்களை வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டரும் அங்கேதான். தாம்பரத்து மேஜைகளில் இருந்தவர்கள் டெலிபோன் இலாகா இழுத்துக் கொடுத்த தனி லைன் வழியாக அதோடு பேசினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமைத்தான் சர்வர் என்பார்கள். விவரம் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும், கொடுத்தால் வாங்கி வைப்பதும் அதன் வேலை. அது ஓடும்போது விவரங்களை டேப்பில் நகல் எடுக்கக் கூடாது. பாதி எழுதியது பாதியாகவே பதிந்துவிடும். அதனால் தினமும் மாலை ஆறு மணிக்கு அதை நிறுத்த வேண்டும். நகல் எடுத்த பிறகு ஏழு மணிக்கு மறுபடி ஓட விட வேண்டும்.

அதை நிறுத்துவதற்குத்தான் செல்வமேரி தினமும் ரயிலேறினாள். ஒவ்வொரு பிரிவுக்கும் போன் செய்து வேலையை முடிக்கச் சொல்வாள். திரையில் யார் பெயராவது மிச்சமிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பாள். பிறகுதான் கட்டளையைத் தட்டுவாள். அவள் போய்ச் சேரும் வரை அங்கே யாரும் எதையும் தொடமாட்டார்கள். ஜெனரேட்டரையும் டேப்பையும் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் வாசலிலேயே நிற்பான்.

"இன்னா மேடம், இன்னிக்கு வண்டி லேட்டா? மொத்த லேபும் உனக்காகத்தான் காத்துகினு கீது."

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோமோ என்று சில நாள் அவளுக்கே தோன்றும்.

ஹஃபீசா அந்த வருஷம் ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தாள். குரோம்பேட்டைப் பெண், இருபத்து நாலு வயது. படிப்பில் செல்வமேரியைவிட இரண்டு படி மேல். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டாள். செல்வமேரிக்குப் பிடித்துத்தான் போனது. ஒரு வாரம் தன்னோடு காட்டாங்குளத்தூருக்கு அழைத்துப் போனாள். ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து, ஊரப்பாக்கம் தாண்டும் வரை வேலையைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் வெளில வந்தாச்சான்னு ஏன்க்கா ரெண்டு தடவ பாக்கறீங்க?"

"ஒருத்தர் வெளில வந்திருப்பார், அவர் அனுப்பின வேலை உள்ள ஓடிக்கிட்டிருக்கும். முதல் தடவை ஆளைப் பாக்கணும், ரெண்டாவது தடவை வேலையைப் பாக்கணும்."

ஹஃபீசா அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் அந்த நோட்டு ஒரு ஸ்கிரிப்டாக வந்து நின்றது. தாம்பரத்திலிருந்தே லைன் வழியாகக் காட்டாங்குளத்தூர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, எல்லாருக்கும் ஐந்து நிமிஷம் முன்பு எச்சரிக்கை கொடுத்து, ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து, சர்வரை நிறுத்தி, டேப்பை ஓட விட்டு, ஏழு மணிக்குத் திரும்ப எழுப்பும் கட்டளைகளின் பட்டியல். ஆறு மணியானால் தானாக ஓடும். குப்புராஜ் டேப்பைச் செருகி வைத்தால் போதும்.

பிரிவின் மேலாளர் சத்தியநாதன் எல்லாரையும் கூட்டி வைத்துத் திரையைக் காட்டினார். கணக்காக ஆறு மணிக்கு 'சர்வர் நின்றது' என்று எழுத்து விழுந்தபோது கை தட்டினார்.

"செல்வமேரி நாலு வருஷமா ரயிலேறிப் போய் செஞ்ச வேலையை இந்தப் பொண்ணு பதினாறு வரில முடிச்சிட்டா, பாருங்க!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். செல்வமேரியும் சிரித்தாள். ஹஃபீசா மட்டும், "அக்கா சொல்லிக் கொடுத்ததுதான் சார் எல்லாம்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போலிருந்தது செல்வமேரிக்கு.

செம்பாக்கத்தில் வீடு. கணவன் அந்தோணிசாமி செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான்.

"நல்லதாப் போச்சு. இனிமே ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம். மழைக் காலத்துல ரயில்ல தொங்க வேண்டாம்."

"நான் எங்க தொங்கினேன்? எனக்கு சீட் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து நாலே முக்கால் ஆனதும் அவளுக்குக் கால் பரபரத்தது. பழைய நோயாளிகளின் அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைச் சத்தியநாதன் கொடுத்திருந்தார். எதிர் மேஜையில் ஹஃபீசா தட்டிக்கொண்டிருப்பாள். பத்து விரலும் தனித்தனியாக ஓடும். செல்வமேரி நாலு விரலில் தட்டுகிறவள். அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஹஃபீசா கொண்டுவந்த தக்காளி சாதத்தை, வயிறு சரியில்லை என்று சொல்லித் தள்ளி வைத்தாள். டாக்டர் ஒருவர் வந்து, "அந்த ஸ்கிரிப்ட் எழுதினவங்க யாரு?" என்று விசாரித்த அன்று நிஜமாகவே சரியில்லாமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த ஸ்கிரிப்டைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குற்றம் தேடித்தான் படித்தாள். வரி வரியாகப் படிக்கப் படிக்க, தான் சொன்னவை ஒன்றும் விடாமல் அதில் இருந்தன. தான் சொல்லாத நல்ல விஷயங்களும் இரண்டு இருந்தன. பத்தாவது வரிக்கு வந்தபோது நின்றாள்.

கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு எண் உண்டு. சர்வர் எழும்போது தன் எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கும். ஒழுங்காக நின்றால் போகும்போது அதை அழித்துவிடும். நிறுத்தும் கட்டளை பாஸ்வேர்ட் கேட்கும்; அதை ஸ்கிரிப்டில் எழுதி வைக்கக் கூடாது என்பதால், ஹஃபீசா அந்த ஃபைலிலிருந்து எண்ணை எடுத்து 'நில்' என்று அந்த எண்ணுக்கு நேராகச் சொல்லும்படி எழுதியிருந்தாள். கெட்டிக்காரத்தனமான வழி.

ஆனால் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தால்? சர்வருக்கு ஃபைலை அழிக்க நேரம் இருக்காது. கம்ப்யூட்டர் திரும்ப எழும்போது அதே எண் வேறொரு புரோகிராமுக்குப் போய்விடலாம். சர்வரோ தானாக எழாது, யாராவது எழுப்ப வேண்டும். அதற்குள் ஆறு மணி அடித்தால், ஸ்கிரிப்ட் பழைய எண்ணைப் படித்து, அங்கே இருக்கும் அப்பாவியை நிறுத்திவிடும். 'நீ யார்?' என்று கேட்கும் ஒரு வரி அதில் இல்லை.

இது படித்து வந்த அறிவு இல்லை. தொண்ணூற்று மூன்றில் ஒரு தடவை இதே மாதிரி எண் மாறிப்போனதை அவளே பார்த்திருக்கிறாள்.

எதிர் மேஜைக்காரியிடம் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. செல்வமேரி தாளை நாலாக மடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மனசு லேசாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அந்தோணிசாமிக்கு முறுக்குகூட வாங்கிப் போனாள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் கூடுவாஞ்சேரிப் பக்கம் கேபிள் பள்ளத்தில் தண்ணீர் இறங்கி, காட்டாங்குளத்தூர் போன்கள் செத்துப்போயின. கம்ப்யூட்டருக்கான தனி லைன் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது.

அந்த வியாழக்கிழமை ஐந்தரை மணிக்குத் தாம்பரத்துத் திரைகள் எல்லாம் உறைந்தன. இருபது நிமிஷம் கழித்து லைன் திரும்ப வந்தது. அங்கே கரண்ட் போய், பாட்டரியும் தாங்காமல், குப்புராஜ் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறான் என்பது செல்வமேரிக்குப் பார்த்த உடனே புரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஐம்பது.

"லைன் வந்துடுச்சுக்கா" என்றாள் ஹஃபீசா. "பத்து நிமிஷத்துல நிறுத்தப் போறோமே, அதுக்குள்ள சர்வரை எழுப்ப வேணாம், பரவால்ல."

செல்வமேரி ஏற்ற வேண்டிய அட்டைகளை எடுத்து வரிசைப்படுத்தினாள். யாருடைய ரிப்போர்ட்டாவது பாதியில் நிற்கும். காலையில் லேபிலிருந்து சண்டைக்கு வருவார்கள். சத்தியநாதன் அந்தப் பதினாறு வரியை எடுத்து வைத்துக்கொண்டு விழிப்பார். அவ்வளவுதான் அவள் நினைத்தது. நினைத்து முடிப்பதற்குள் ஆறு மணியாகி, 'சர்வர் நின்றது' என்று எழுத்து விழுந்தது.

ஆறேகாலுக்குப் பிரசவ வார்டு சிஸ்டர் ரத்தினபாய் ஓடி வந்தார்.

"ஹஃபீசா, ரத்தம் அனுப்பச் சொல்லி ஆறு அஞ்சுக்கே மெசேஜ் கொடுத்தேன்மா. ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடும். இன்னும் வரல. போனும் இல்ல. பிள்ளை பொறந்து அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. காலையிலேயே பொருத்திப் பாத்து ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிருக்காங்க. அனுப்புன்னு சொல்றது மட்டும்தான் பாக்கி."

சர்வர் நின்றிருக்கும் ஒரு மணி நேரத்திலும் வார்டிலிருந்து அவசரக் கோரிக்கை போவதற்காகவே ஒரு தனிப் புரோகிராம் காட்டாங்குளத்தூரில் ஓடிக்கொண்டிருக்கும்; கம்ப்யூட்டர் எழும்போதே அதுவும் தானாக எழும். வந்த கோரிக்கையை வாங்கி ரத்த வங்கியின் பிரிண்டரில் அடித்துக் கொடுக்கும்.

எந்த அப்பாவி நின்றுபோனான் என்று செல்வமேரிக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஹஃபீசா லைனைப் பார்த்தாள். சரியாக இருந்தது. டேப் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. பிரிண்டரைச் சோதித்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பத்து விரலும் தப்புத் தப்பாகத் தட்டின.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

செல்வமேரி நாற்காலியைத் திருப்பினாள். இந்த முகத்தைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தாள். பார்த்தபோது இனித்தது. அதை அவள் பின்னால் ஒருநாளும் மறுக்கவில்லை.

"உன் ஸ்கிரிப்ட்தானே? நீயே பாரு" என்றாள்.

ஹஃபீசா குனிந்து மறுபடி தேடினாள். கடிகாரத்தில் ஆறு இருபது, ஆறு இருபத்து மூன்று. செல்வமேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம், அவளே தோற்றுப்போய் மறுபடி கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

கதவருகே ஒரு ஆள் வந்து நின்றான். லுங்கியும் சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்று எழுதியிருந்ததைப் பார்த்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். வார்டில் ரத்தம் நிற்காமல் கிடந்த அம்மணியின் புருஷன், மாரி.

"சிஸ்டர், ரத்தம் இங்கருந்துதான் வர்ணும்னு சொன்னாங்கோ. வந்துகினு கீதா? அம்மணி கண்ணு சொருவுது சிஸ்டர். கொயந்தய யார் கையில குடுக்கறதுன்னே தெர்ல. இன்னா ரத்தம் வோணும்னு சொல்லுங்கோ, நான் தர்றேன்."

ரத்தினபாய் அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். அவன் போகும்போதும் திரும்பித் திரும்பி அந்த இரண்டு பெண்களையும் பார்த்தான். இருவரில் யாருக்கோ விஷயம் தெரியும் என்று நம்பிய மாதிரி.

"நவுரு" என்றாள் செல்வமேரி.

ஹஃபீசா விலகுவதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காட்டாங்குளத்தூருக்குள் நுழைந்து அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தாள். எண்ணைப் பார்த்தாள். ஓடும் புரோகிராம்களின் பட்டியலை எடுத்தாள். கோரிக்கை வாங்கும் புரோகிராம் அதில் இல்லை. நாலு விரலால் அதன் பெயரைத் தட்டி எழுப்பினாள். பிறகு பழைய ஃபைலை அழித்தாள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

வழியில் தேங்கி நின்ற கோரிக்கை போய்ச் சேர்ந்தது. ஆறு இருபத்தெட்டுக்குப் பதில் வந்தது: 'இரண்டு பாட்டில். வண்டி கிளம்பியது.'

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் அருகே தண்ணீர் தேங்கியிருந்ததால் வண்டி வந்து சேர ஏழேகால் ஆயிற்று. அது வரை டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்று செல்வமேரி போய்ப் பார்க்கவில்லை. அம்மணி பிழைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள் என்று ரத்தினபாய் வந்து சொன்னார். தாமதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஹஃபீசா மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே, வண்டி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, பையை மாட்டிக்கொண்டு செல்வமேரியின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க தேடவே இல்ல. நேரா அந்த ஃபைலுக்குப் போனீங்க."

செல்வமேரி தன் திரையை அணைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பழைய அனுபவம், பார்த்ததும் தோன்றியது என்று சொல்லியிருந்தால் ஹஃபீசா நம்பியிருப்பாள்.

"மூணு வாரமா."

"சிஸ்டர் வந்தப்பவே?"

"ம்."

ஹஃபீசா அழுவாள் என்று செல்வமேரி எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள்.

"என்மேல கோவம்னா என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தம்மா என்ன தப்பு செஞ்சாங்க?" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை சத்தியநாதன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹஃபீசா ஏற்கெனவே ஸ்கிரிப்டில் இருந்த தப்பை எழுதிக் கொடுத்திருந்தாள். செல்வமேரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"படிச்சுட்டா மட்டும் போதாதும்மா" என்று ஹஃபீசாவைப் பார்த்துச் சொன்னார். "அனுபவம்னு ஒண்ணு இருக்கு. செல்வமேரி இல்லன்னா நேத்து என்ன ஆயிருக்கும்? மூணே நிமிஷத்துல புடிச்சிட்டாங்க. நாலு வருஷம் ரயிலேறிப் போனது சும்மாவா?"

ஒரு மாதத்துக்கு மேலாகச் செல்வமேரி ராத்திரி படுக்கும்போதெல்லாம் கற்பனை செய்த வார்த்தைகள். ஏறக்குறைய அதே வரிசையில் வந்தன. ஹஃபீசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவள் திறக்கமாட்டாள் என்பது செல்வமேரிக்குத் தெரிந்தது. அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது. இவளால் இப்படி நிற்க முடிகிறதே என்று.

"சார், மூணு நிமிஷம் இல்ல" என்றாள் செல்வமேரி. "மூணு வாரம் முன்னாடியே நான் அதைப் பாத்துட்டேன். சொல்லல. நேத்து சிஸ்டர் வந்தப்பவும் பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்."

"ஏன்?"

"வேணும்னுதான் சார்."

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "வெளில யாருகிட்டயும் இதைச் சொல்லாதீங்க" என்றார் முதலில். பிறகு அவருக்கே கோபம் வந்தது. "அந்தப் பொண்ணு செத்துருந்தா?" என்று கத்தினார்.

மூன்று மாதம் அவளை வெளிநோயாளிகள் பதிவு மேஜைக்கு மாற்றினார்கள். காரணம் எழுதவில்லை. டோக்கன் கொடுத்து, பெயரும் வயதும் கேட்டு எழுதும் வேலை. மூன்றாவது வாரம் மாரியும் அம்மணியும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். மாரி அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"இவங்கதான் அம்மணி, அன்னிக்கு கம்ப்யூட்டர் ரூம்ல இருந்தவங்க. இவங்க தட்டித்தான் ரத்தம் வந்துச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்கோ" என்றான். அம்மணி இரண்டு கையையும் கூப்பினாள். செல்வமேரி டோக்கனை நீட்டினாள். அன்று வீட்டுக்குப் போனதும் அந்தோணிசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டை எடுத்து வைத்து, "சாப்பிடு" என்றான்.

பிப்ரவரியில் அவளைத் திரும்பக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹஃபீசாதான் கேட்டு வாங்கினாள் என்று அலுவலகத்தில் பேச்சு. ஆனால் 'அக்கா' போய்விட்டது. "மேடம்" என்றுதான் கூப்பிட்டாள். டிபன் பாக்ஸையும் நீட்டவில்லை.

வந்த முதல் வாரமே ஒரு பிரிண்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நாற்பது வரி. கரண்ட் போய் வந்தாலும் சர்வரைத் தானாக எழுப்பும் புது ஸ்கிரிப்ட்.

"மேடம், இனிமே நான் எழுதற எதையும் நீங்க படிச்சுக் கையெழுத்துப் போடணும்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன். தப்பு இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க."

செல்வமேரி அதை மதியம் முழுக்கப் படித்தாள். ஒரு தப்பாவது கிடைக்க வேண்டும் என்று அவள் மனசு இன்னமும் ஆசைப்பட்டது. ஏழாவது வரியில் ஹஃபீசா 'நீ யார்?' என்று கேட்டிருந்தாள். இருபத்து மூன்றாவது வரியில், தனக்குச் சாகும் வரை தோன்றியிருக்காத ஒரு வழியில் ஒரு முடிச்சை அவிழ்த்திருந்தாள். அதைப் படித்ததும் செல்வமேரி தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். தப்பு இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, எதிர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இருபத்தி மூணாவது வரி பாத்தீங்களா?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் ஹஃபீசா.

"பாத்தேன்."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு." செல்வமேரி தன் மேஜைக்குத் திரும்பினாள். இரண்டடி போனவள் நின்றாள். "நல்லா இருக்கு" என்றாள்.

ஹஃபீசாவின் விரல்கள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின.